புது ஷொக் போட்ட பிறகு முன்பக்கச் சத்தம்: இறுக்குவதா, ரப்பர் மாற்றுவதா, ஷொக்கையே மாற்றுவதா?

"முன் ஷொக் (ஷொக் அப்சோபர்) இரண்டும் புதுசு போட்டாயிற்று. போடுவதற்கு முன் இல்லாத டொக் டொக் இப்போது கேட்கிறது. கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிடவா, வேறு ஏதாவது சாமான் மாற்றவா?" திருகோணமலையில் கார், வான் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியை ஓயாமல் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த வாகனத்தையே பார்த்துப் பார்த்து ஓட்டினோம். அந்த வாகனங்களுக்கு இப்போது ஷொக் போகும் வயது. ஒரிஜினல் ஷொக்கின் விலை கையைச் சுடுகிறது, அதனால் சந்தையில் தனியாக விற்கும் ஷொக்கைப் போடுகிறோம். அதில் ஒரு தவறும் இல்லை. கயாபா போன்ற கம்பனி வாகனத் தயாரிப்பாளர்களுக்கே ஷொக் செய்து கொடுக்கும் கம்பனி. பெட்டி வேறு என்பதற்காகச் சாமான் மட்டம் என்று ஆகிவிடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது ஷொக் போட்டவுடன் வரும் சத்தத்தில் பெரும்பகுதி ஷொக்குக்குள் இருந்து வருவதில்லை. ஒன்றில், ஷொக் போடும்போது கைபட்ட இடம் எதுவோ சரியாக உட்காரவில்லை. இல்லாவிட்டால், ஏற்கெனவே தேய்ந்திருந்த ரப்பர் இப்போது வெளியே தெரிகிறது. பழைய ஷொக் தளர்ந்திருந்தபோது குழியில் விழுந்த அடியை ஸ்பிரிங் மட்டும் வாங்கி ஆடிக்கொண்டிருந்தது. புது ஷொக் இறுக்கமாகப் பிடிக்கிறது. அந்தப் பிடி மேலே ஷொக்கை வாகன உடம்போடு பிடிக்கும் மவுண்டையும், கீழே சில்லைப் பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் இழுக்கிறது. அங்கே ஒரு மில்லிமீற்றர் லூஸ் இருந்தாலும் இப்போது அது டொக் என்று பேசும். ஆகவே சத்தம் எங்கே என்று பிடிப்பதற்கு முன் எந்தச் சாமானுக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எந்த வழிக்குப் போனாலும் நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, பாதுகாப்பு. சத்தத்தோடு ஓடினால் சில்லு, ஸ்டியரிங், பிரேக் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கைவிடுமா? விடும் என்றால் மற்றக் கணக்கெல்லாம் பிறகுதான்.

இரண்டாவது, அந்த வேலை செய்தால் சத்தம் உண்மையில் நிற்குமா, அல்லது "மாற்றிப் பார்ப்போம்" என்ற கதையா.

மூன்றாவது, முழுச் செலவு. சாமானின் விலை மட்டும் செலவு ஆகாது. கூலி, வீல் எலைன்மென்ட் (சில்லின் கோணத்தைச் சரிசெய்வது), சாமான் வரவழைக்கும் செலவு, வேலையை இரண்டாந்தரம் செய்யும் கூலி எல்லாம் அதில் சேரும்.

நான்காவது, வாகனம் நிற்கும் நாட்கள். ஸ்கூல் வான் ஓட்டுபவருக்கும், மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவருக்கும் ஒரு நாள் நின்றாலே வருமானம் போகிறது. வீட்டுக் காருக்கு அந்த அவசரம் இல்லை.

ஐந்தாவது, திரும்பி வர முடியுமா. இறுக்கிப் பார்த்தது சரிவராவிட்டால் நட்டம் அரை நாள்தான். ஷொக்கை விற்றுவிட்டு வேறு வாங்கியது சரிவராவிட்டால் இரண்டு ஷொக்கின் காசும் போய்விடும்.

## சத்தத்தை எப்படிப் பிடிப்பது

இந்தப் பகுதியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வழி உங்களுக்கு என்பது இங்கேதான் முடிவாகிறது. காசு செலவில்லை. துணைக்கு ஒருவரும் ஒரு கிரவல் ஒழுங்கையும் போதும். திருமலையில் கிரவல் ஒழுங்கைக்குப் பஞ்சமில்லை.

ஒரு சில்லா, இரண்டு சில்லுமா? ஸ்பீட் பம்ப் ஒன்றில் முன் இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராக, மெதுவாக ஏற்றுங்கள். பிறகு இடப் பக்கச் சில்லு மட்டும் ஏறி இறங்கும்படி ஓட்டுங்கள். இரண்டு சில்லும் சேர்ந்து ஏறும்போது ஸ்டெபிலைசர் பாருக்கு (திருப்பத்தில் வாகனம் சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) முறுக்கு விழாது, அதனால் அதன் முனையில் பூட்டிய லிங்க்கும் பேசாது. ஒரு சில்லு ஏறும்போது மட்டும் டொக் என்றால் சந்தேகம் லிங்க்கின் மேல், அல்லது பாரைப் பிடித்திருக்கும் புஷ்ஷின் மேல். இரண்டு விதத்திலும் சத்தம் வந்தால் மேல் மவுண்ட், லோவர் ஆர்ம் புஷ், ஷொக் நட்டு என்று பார்க்க வேண்டும். நாம் இடப் பக்கம் ஓட்டுபவர்கள். காப்பெட் ரோட்டின் உடைந்த ஓரத்தில் இறங்கி ஏறுவது எப்போதும் இடச் சில்லுதான். அதனால் இடப் பக்கத்தை முதலில் பார்ப்பது என் வழக்கம்.

பிரேக்கை லேசாக அழுத்திப் பாருங்கள். கிரவல் ரோட்டில் கடகட என்று வரும் சத்தம், பிரேக்கில் கால் லேசாகப் பட்டவுடன் நின்றுவிட்டால், அது ஷொக் சம்பந்தப்பட்டதே இல்லை. பிரேக் பேட்டைப் பிடித்திருக்கும் கலிப்பரின் ஊசி (பின்) கிறீஸ் இல்லாமல் ஆடுகிறது, அல்லது பிரேக் பேட்டின் கிளிப் சரியாக மாட்டப்படவில்லை. ஷொக் கழற்றும்போது கலிப்பரையும் கழற்றித் தொங்கவிட்டிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

மறுபக்கம், பிரேக் பிடித்து வாகனம் நிற்கும் நொடியிலும் பிறகு கிளம்பும்போதும் ஒவ்வொரு தடவை டக் என்றால் அது லோவர் ஆர்ம் புஷ்ஷின் குணம்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, சில்லு தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை முழுக்க இடமும் வலமும் திருப்பட்டும். இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைக்கட்டும், விரல் சுருள்களுக்கு இடையே போகக்கூடாது. ஸ்பிரிங் ஷொக்கோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பினால் நல்லது. கொஞ்சம் பிடித்துவைத்துப் பிறகு டங் என்று துள்ளினால், மேல் மவுண்டின் பெயாரிங் இறுகிவிட்டது, அல்லது ஸ்பிரிங்கின் நுனி அதன் படிக்குள் உட்காரவில்லை. கையில் அந்தத் துள்ளலை ஒருமுறை உணர்ந்தால் பிறகு மறக்காது. ஸ்பிரிங் நுனி கீழ்த் தட்டின் படியில் முட்டி நிற்கிறதா என்று ரோர்ச் அடித்துக் கண்ணாலும் பார்க்கலாம்.

பொனட்டைத் திறந்து மேல் நட்டைப் பாருங்கள். இது கார்களில் இருக்கும் ஸ்ட்ரட் வகை ஷொக்குக்கு, அதாவது ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதற்கு. நட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, இன்னொருவரை முன்பக்கத்தை அமுக்கி ஆட்டச் சொல்லுங்கள். மவுண்ட் ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு. நட்டும் தண்டும் மவுண்டுக்குள் தனியாக டிக் டிக் என்று ஆடினால் நட்டு லூஸ், அல்லது வொஷர் விடுபட்டிருக்கிறது, அல்லது புது ஷொக்கின் தண்டுக்கும் பழைய மவுண்டின் துளைக்கும் பொருத்தம் இல்லை. சின்னச் சின்னக் குலுக்கலில் சத்தம் வந்து பெரிய பள்ளத்தில் வராமல் இருந்தால் இந்த நட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வான் என்றால். டொல்பின், கேடிஎச் என்று சொல்லும் ஹையேஸ் வான்களில் முன்பக்கம் வேறு மாதிரி. பாரத்தைத் தாங்குவது டோர்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகித் தாங்கும் கம்பி), ஷொக் தனியாக நிற்கிறது. அதன் மேல் முனையில் ரப்பர் புஷ், கிண்ண வொஷர், நட்டு என்று ஓர் அடுக்கு வரும். அடுக்கு மாறினாலும் வொஷர் தலைகீழானாலும் சத்தம் நிச்சயம். புஷ் கொஞ்சம் பிதுங்கி வொஷரின் அகலத்துக்கு வரும்வரை நட்டை இறுக்குவது பொதுவான அளவு. அதற்கு மேல் நசுக்கினால் ரப்பர் கிழியும். வானில் இந்த அடுக்கைச் சரிபார்க்க அதிக நேரம் தேவையில்லை, எலைன்மென்ட்டும் குலையாது. அதனால் வான்காரர்கள் வேறெதற்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

லிங்க்கைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது. கிண்ணியாப் பக்கம் ஒரு கராஜில், ஷொக்கைத் திருப்பிக் கொடுக்கவென்றே பெட்டியோடு வந்த ஒருவரை அங்கிருந்த நானா நிறுத்தினார். "கொஞ்சம் இரிங்க தம்பி, லிங்க்கைக் கழட்டிப் பாப்பம், பிறகு பேசுவம்" என்றார். இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, பார் எதிலும் முட்டாதபடி கம்பியால் கட்டி, ஒழுங்கையில் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். சத்தம் ஒன்றுமில்லை. நானா கையில் இருந்த லிங்க்கை ஆட்டிக் காட்டினார். அதன் உருண்டைத் தலை ரப்பர் தொப்பிக்குள் கொழகொழவென்று சாய்ந்தது, நல்ல லிங்க்கில் அதைக் கையால் சாய்க்கவே பலம் வேண்டும். ஷொக் பெட்டி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கழற்றினால் இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும். கழற்றிய வாகனம் திருப்பத்தில் அதிகம் சாயும், ஆகவே மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஜக் அடித்து லிங்க்கை ஆட்டிப் பார்ப்பதாக இருந்தாலும் இரண்டு முன் சில்லையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த லிங்க்கும் அப்போது நல்லதுபோலவே தெரியும்.

கடைசியாகச் சில்லைப் பிடித்து ஆட்டுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போதே சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ட் (சில்லுப் பக்கத்தையும் லோவர் ஆர்மையும் இணைக்கும் உருண்டை மூட்டு), வீல் பெயாரிங் லூஸ் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் ரொட் பக்கத்து லூஸ் தெரியும். லோவர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் (சில்லைத் தாங்கும் உலோகப் பாகம்) நடுவே ஒரு நெம்புகோல் போட்டு நெம்பிப் பார்த்தால் போல் ஜொயின்ட் இன்னும் தெளிவாகச் சொல்லும். சில்லு நட்டையும் பாருங்கள். டொயோட்டா கார்கள் பலவற்றுக்கு அதை இறுக்க வேண்டிய அளவு 103 நியூற்றன் மீற்றர். ஷொக் போட்ட அவசரத்தில் சில்லு நட்டை முழுக்க இறுக்காமல் விட்டிருந்தால் அதுவும் டொக் டொக்தான், ஆனால் ஆபத்தில் எல்லாவற்றுக்கும் மேல்.

## நான்கு வழிகள், ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | வாகனம் நிற்கும் நேரம் |
|---|---|---|---|
| அப்படியே ஓட்டுவது | மெல்லிய உஸ் சத்தம் மட்டும் | டொக் சத்தத்தை இதில் சேர்த்தால் டயரும் புஷ்ஷும் | இல்லை |
| திறந்து திரும்ப இறுக்குவது | போட்ட அன்றே தொடங்கிய சத்தம் | துருவேறிய லிங்க் நட்டு, எலைன்மென்ட் | அரை நாள் |
| ரப்பர், மவுண்ட், லிங்க் மாற்றுவது | பழைய வாகனம், பழைய மவுண்டையே திரும்பப் போட்டிருந்தால் | சாமான் வரும்வரை காத்திருப்பு, மலிவு ரப்பர் | ஒன்று இரண்டு நாள் |
| ஷொக்கை மாற்றுவது | எண்ணெய் ஒழுகினால், தண்டு கெட்டால், சாமான் மாறி வந்திருந்தால் | இரட்டைக் கூலி, வரன்டித் தகராறு | ஷொக் கைக்கு வரும்வரை |

## வழி ஒன்று: அப்படியே ஓட்டுவது

புது கேஸ் ஷொக்கில் ஸ்பீட் பம்ப் ஏறி இறங்கும்போது மெல்லிய உஸ் என்ற சத்தம் வரும். உள்ளே எண்ணெய் வால்வு வழியாகப் பாய்கிற சத்தம் அது. பழைய ஷொக்கில் பிடியே இல்லாமல் போயிருந்ததால் அதைக் கேட்டுப் பழக்கமில்லை. மேலும், பல ஷொக்குகள் கடையில் படுக்கையாக அடுக்கிக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் உள் குழாய்க்குள் கேஸ் ஏறிவிடும். போடுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை முழுக்க அமுக்கி இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். செய்யாமல் போட்டிருந்தால் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தட்டும், பிறகு தானாக அடங்கும்.

அடங்கினால் விட்டுவிடலாம். கந்தளாய்க்குப் போய் வந்த பிறகும் அதே சத்தம் இருந்தால் "செட்டாகிவிடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. உலோகம் உலோகத்தில் மோதும் சத்தம் எதுவும் செட்டாவதில்லை. பிரேக் பிடிக்கும்போது வரும் டக், ஸ்டியரிங்கில் கைக்குத் தெரியும் தட்டு, சில்லை ஆட்டும்போது தெரியும் லூஸ் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு அப்படியே மடிந்து விழும். ஏ6 வீதியில் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் வேகமாகப் போகும்போது அது நடந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

## வழி இரண்டு: போட்ட கராஜிலேயே திறந்து இறுக்குவது

சத்தம் ஷொக் போட்ட அன்றே தொடங்கியிருந்தால் முதலில் போக வேண்டிய வழி இதுதான். முந்திய நாள் வரை அமைதியாக இருந்த முன்பக்கம் அன்றைக்கே சத்தம் போட்டால், அன்றைக்குக் கைபட்ட இடங்களில் ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொள்வது நியாயம். மேல் நட்டு, நக்கிளைப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட், லிங்க் நட்டு, பிரேக் ஹோஸைப் பிடிக்கும் சின்ன பிராக்கெட், ஏபிஎஸ் வயரின் கிளிப், இவைதான் பட்டியல். பிராக்கெட்டின் ஒரு சின்ன போல்ட் விடுபட்டால் ஹோஸ் ஷொக்கில் தட்டித் தட்டி உரசும். சத்தம் சின்னது, ஆனால் பிரேக் ஹோஸ் தேய்கிறது. பிரேக் டிஸ்க்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு சுத்தியல் பட்டு வளைந்திருந்தால் திருப்பத்தில் கிறீச் என்று உரசும். அதைக் கையாலேயே வளைத்து விடலாம்.

பாஸ்மாரிடம் (மெக்கானிக்மாரிடம்) போகும்போது "ஷொக் சரியில்லை" என்று தொடங்காதீர்கள். "ஒரு சில்லு ஏறும்போது மட்டும் இடப் பக்கம் வருகிறது, பிரேக் பிடித்தாலும் சத்தம் நிற்கவில்லை" என்று சொல்லுங்கள். சாமான் மேலோ வேலை மேலோ பழி போடாமல், இடத்தைக் காட்டிப் பேசினால் யாரும் மறுக்காமல் பார்ப்பார்கள். வேலை செய்தவர் தன் வேலையைச் சரிபார்க்கத் தனியாகக் கூலி கேட்பதும் அபூர்வம்.

இரண்டு விஷயத்தை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். மேல் நட்டை எயார் கன்னால் அடித்தால் தண்டும் சேர்ந்து சுற்றும். நட்டு இறுகியதுபோல் தெரியும், உண்மையில் இறுகியிருக்காது. தண்டைப் பிடித்துக்கொண்டு கைச்சாவியால் இறுக்குவதுதான் முறை. பிடிப்பதும் நுனியில் அதற்கென்று இருக்கும் இடத்தில். பளபளப்பான தண்டைப் பிளையரால் கவ்விப் பிடித்தால், அந்தக் கீறல் சீலை அறுத்து எண்ணெயை வெளியே கொண்டுவரும். இரண்டாவது, லோவர் ஆர்ம் போல்ட்டையும் வான் ஷொக்கின் கீழ்ப் போல்ட்டையும் கடைசியாக இறுக்கும்போது வாகனத்தின் பாரம் சில்லில் இருக்க வேண்டும். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பூட்டப்படும். தரையில் இறக்கியதும் அது முறுகி, கிறீச்சிட்டு, சீக்கிரமே கிழியும்.

இந்த வழியின் ஒளிந்த செலவு நமது கடலோடு வருகிறது. உப்புக் காற்றில் நிற்கும் வாகனத்தில், அதிலும் மீனும் ஐசும் ஏற்றி உப்புத் தண்ணீர் ஒழுகும் லொறிகளில், லிங்க் நட்டு ஒழுங்காகக் கழன்று வருவது அரிது. நட்டோடு தலையும் சேர்ந்து சுற்றும், கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். "சும்மா திறந்து பார்ப்போம்" என்று போன வேலை நடுவழியில் நின்றுவிடும். அதனால் திறக்கச் சொல்லுமுன் ஒரு சோடி லிங்க் கையில் இருந்தால் நல்லது. ஸ்ட்ரட் வகையில் நக்கிள் போல்ட் இரண்டையும் தளர்த்தினால் சில்லின் சாய்வு மாறும். அப்படியானால் எலைன்மென்ட் திரும்பச் செய்ய வேண்டும், அந்தக் காசையும் கணக்கில் வையுங்கள்.

## வழி மூன்று: ஷொக்கை விட்டுச் சுற்றியுள்ளதை மாற்றுவது

பத்து வயது தாண்டிய கார். ஷொக்கும் ஸ்பிரிங்கும் மட்டும் கவனித்து, மேல் மவுண்ட், பெயாரிங், பம்ப் ஸ்டொப்பர், டஸ்ட் கவர் எல்லாம் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். இது உங்கள் கதை என்றால் மேலே உள்ள சோதனைகளைச் செய்துவிட்டு நேராக இந்த வழிக்கு வாருங்கள். என் பார்வையில், நம்மிடம் ஓடும் வாகனங்களுக்கு அதிகம் பொருந்துவது இதுதான்.

காரணம் கூலிக் கணக்கு. மேல் மவுண்டை மாற்ற ஸ்ட்ரட்டை முழுக்க இறக்கி, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டும். ஷொக் மாற்றிய வேலை அப்படியே மறுபடியும். ஆகவே இறக்கியது இறக்கியதுதான், மவுண்ட், பெயாரிங், ஸ்டொப்பர், கவர் நான்கையும் இரு பக்கமும் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றி மிச்சம் பிடித்த காசு, மறுபக்கம் சத்தம் போடும்போது கூலியாகப் போய்விடும். இன்னும் ஷொக் வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஷொக்கும் மவுண்டும் சேர்த்து வாங்க முடியாவிட்டால், முடியும்வரை பொறுங்கள்.

லிங்க்கும் பார் புஷ்ஷும் அப்படியில்லை. ஸ்ட்ரட்டை இறக்காமலே மாற்றலாம், எலைன்மென்ட் தேவையில்லை, அரை நாளில் முடியும். சோதனையில் லிங்க் என்று தெரிந்தால் அதை மட்டும் சோடியாக மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். லோவர் ஆர்ம் புஷ் என்றால் அது பிரஸ் அடிக்கிற வேலை. ஆர்மோடு சேர்த்து விற்பதும் உண்டு. போல் ஜொயின்ட்டும் ஆடினால் முழு ஆர்மாக வாங்குவது கூலியில் மிச்சம், புஷ் மட்டும் போயிருந்தால் நல்ல புஷ் ஒன்றே போதும்.

மலிவான ரப்பர் பற்றி ஒரு வார்த்தை. புஷ் எல்லாம் பார்க்க ஒரே கறுப்புத்தான். இறுகின மட்ட ரப்பர் முதல் மாதம் அமைதியாக இருக்கும், பிறகு வெடிக்கும். ஷொக்கில் மிச்சம் பிடித்தவர்கள் மவுண்டிலும் புஷ்ஷிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். பணம் ஓர் இடத்துக்குத்தான் இருக்கிறது என்றால், நடுத்தர ஷொக்கும் நல்ல மவுண்டும் போட்ட வாகனம், உயர்ந்த ஷொக்கும் பழைய மவுண்டும் போட்டதை விட அமைதியாக ஓடும்.

வீட்டு முற்றத்தில் செய்யக்கூடாத வேலை ஒன்று இதில் இருக்கிறது. அமுங்கிய ஸ்பிரிங்கின் மேல் நட்டைக் கழற்றுவது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நல்ல கம்பிரஸர் இல்லாமல், கயிறு கட்டியோ கம்பி சுற்றியோ கழற்றினால் ஸ்பிரிங் பறக்கும், உயிரையே எடுக்கும். அதைக் கராஜுக்கு விடுங்கள்.

## வழி நான்கு: ஷொக்கையே மாற்றுவது

ஷொக்தான் பிழை என்பதற்கு அடையாளங்கள் இவை. உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி சேறாக ஒட்டியிருப்பது, தண்டின் ஓரத்தில் லேசான ஈரம் மட்டும் என்றால் பயமில்லை. கழற்றி நிமிர்த்திப் பிடித்துப் பல தடவை அமுக்கிய பிறகும், நடுவில் ஓர் இடத்தில் பிடியே இல்லாமல் வெறுமனே இறங்குவது. அமுக்கும்போது உள்ளே டக் என்று தட்டுவது. அப்புறம், சாமான் எண் உங்கள் வாகனத்துக்கு உரியதாக இல்லாமல் இருப்பது. ஒரே பெயர் கொண்ட காரிலேயே இரண்டு சில்லு ஓட்டம், நான்கு சில்லு ஓட்டம், ஹைபிரிட் என்று வகைகள் உண்டு. ஷொக்கும் ஸ்பிரிங்கும் அதற்கேற்ப மாறலாம். சேஸிஸ் எண்ணை வைத்துத்தான் கேட்க வேண்டும், "அக்சியோவுக்கு ஒரு சோடி" என்று கேட்டால் போதாது.

இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் இந்த வழியைத் தொடாதீர்கள். புது ஷொக்கைக் கழற்றிப் போட்டு, வேறு ஷொக் வாங்கிப் போட்டு, அதே பழைய லிங்க்கின் டொக் டொக்கை மறுபடி கேட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் மூன்று கதவு இருக்கிறது.

வாங்கிய கடையின் வரன்டி முதல் கதவு. எண்ணெய் ஒழுகினால் பெரும்பாலும் ஏற்பார்கள், சத்தம் என்று மட்டும் சொன்னால் தயங்குவார்கள். அதனால்தான் எந்த இடம், எந்தச் சோதனை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தண்டில் பிளையர் அடையாளம் இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். கழற்றிப் போடும் கூலியைக் கடை தருமா என்பதை வாங்கும்போதே கேட்டு வையுங்கள். வாங்கியது கொழும்பில் என்றால் ஒரு வழிக்கே சுமார் 260 கிலோமீற்றர் போய் வர வேண்டும், அல்லது பஸ்ஸில் போட்டனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஊர்க் கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கியவருக்கு இந்த நேரத்தில்தான் அந்த வித்தியாசம் திரும்பக் கிடைக்கிறது.

புது ஒரிஜினல் இரண்டாவது கதவு. பொருத்தத்தில் சந்தேகம் இல்லை, சவாரி நீங்கள் முதன்முதல் வாங்கிய நாள்போல் இருக்கும். வாகனத்தை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கும், பிள்ளைகளை ஏற்றி ஓடும் ஸ்கூல் வானுக்கும் இது தகும். அடுத்த வருடம் விற்கப்போகும் வாகனத்துக்கு அந்தக் காசு திரும்பி வராது.

மூன்றாவது, ஜப்பானில் பாவித்து இறக்கிய ஸ்ட்ரட். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்ந்த முழு அடுக்காகவே கிடைக்கும். அதுதான் இதன் பெரிய வசதி: ஸ்பிரிங்கைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம், கூலி குறைவு, எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். வாகனம் ஒரு நாளில் ஓட வேண்டும், கையில் காசு குறைவு என்றால் இது நியாயமான வழி. ஆனால் அதன் வயது யாருக்கும் தெரியாது. ரப்பர் உங்கள் பழைய ரப்பரின் வயதாகவே இருக்கலாம். பனிக்கு உப்புத் தூவும் பகுதிகளில் ஓடியதாக இருந்தால், ஸ்பிரிங் அமரும் கீழ்த் தட்டின் ஓரம் துருவில் மெலிந்திருக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்த ஸ்ட்ரட்டில் அந்த ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தண்டில் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கிறதா என்று டஸ்ட் கவரைத் தூக்கிப் பாருங்கள், குழி இருந்தால் சீல் நிற்காது. மவுண்ட் ரப்பரில் விரலால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங்கிலும் இருக்கும் நிற அடையாளம் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தச் சோடி ஒரே வாகனத்தில் இருந்து வந்தது அல்ல, எடுக்க வேண்டாம். பழைய ஷொக்கைத் துளைத்து எண்ணெய் நிரப்பி ஒட்டிக் கொடுப்பதையும் "ரீகண்டிஷன்" என்றே விற்பவர்கள் உண்டு. உடம்பில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் கேஸ் அழுத்தம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கதவு வழியாகப் போனாலும் இரண்டு பக்கமும் ஒரே வகையாகப் போடுங்கள். போட்ட பிறகு எலைன்மென்ட் செய்து, கொஞ்ச தூரம் ஓடியதும் சில்லு நட்டையும் நக்கிள் போல்ட்டையும் இன்னொரு தடவை சாவி வைத்துப் பாருங்கள். கழற்றிய புது ஷொக்கை உடனே யாருக்கும் கொடுத்துவிடாமல், சத்தம் நின்றது நிச்சயமாகும் வரை பில்லோடும் பெட்டியோடும் நிமிர்த்தி வைத்திருங்கள்.